சத்துவாச்சாரியில் ஒரு கலிஃபோர்னியக் கல்லூரி வகுப்பு

2024 ஜூன் இரண்டாம் வாரத்தில் என் தம்பி மகள் அமெரிக்காவின் ஃப்ரீமாண்ட் நகரிலிருந்து வேலூர் சத்துவாச்சாரியிலுள்ள எங்கள் வீட்டுக்கு விடுமுறைக்கு வந்தபோது, துணிப்பெட்டியோடு ஒரு கல்லூரிப் பாடத்தையும் கொண்டு வந்திருந்தாள். பத்தாம் வகுப்பை முடித்துப் பதினொன்றாம் வகுப்புக்குப் போகவிருந்த பதினாறு வயதுப் பெண் அவள். அவர்கள் ஊருக்கு அருகிலுள்ள சமுதாயக் கல்லூரி ஒன்றில் கோடைக்காலப் பருவத்துக்குப் புள்ளியியல் பாடத்தை எடுத்திருந்தாள். வகுப்பு முழுவதும் இணையவழி என்பதால் வேலூரிலிருந்தே படித்துவிடலாம் என்பது அவளுடைய கணக்கு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசுப் பள்ளிகளில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு, பள்ளியில் படிக்கும் பெண் கல்லூரியிலும் எப்படிப் படிக்க முடியும் என்பதே முதலில் விளங்கவில்லை.

அவள் விளக்கினாள். கலிஃபோர்னியாவில் இத்தகைய பொதுச் சமுதாயக் கல்லூரிகள் நூற்றுக்கும் மேல் உள்ளன. ஈராண்டுப் பட்டம் தருபவை அவை. அங்கே ஈராண்டு படித்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் நேராக மூன்றாம் ஆண்டில் சேர்பவர்கள் ஏராளம். உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் பள்ளியின் ஒப்புதலோடும் பெற்றோரின் கையெழுத்தோடும் அங்கே பகுதிநேர மாணவர்களாகச் சேரலாம். பாடச் சுமையை அங்கே அலகுகளால் அளக்கிறார்கள்; ஒரு பருவத்தில் 11 அலகுகளுக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது பொதுவான வரம்பு. ஓர் அலகுக்கு 46 டாலர் என்பது மாநில மாணவர்களுக்கான கட்டணம்; பள்ளி மாணவர்களுக்கு அதைப் பெரும்பாலான கல்லூரிகள் விலக்கிவிடுகின்றன. புத்தகச் செலவும் சில சிறு கட்டணங்களும் மட்டும் நம் பொறுப்பு. அவளுக்குப் புத்தகச் செலவும் இல்லை, ஏனென்றால் ஆசிரியர் ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிடும் இலவசப் பாடநூலையே வைத்திருந்தார். கலிஃபோர்னியாவின் டி ஆன்சா என்னும் சமுதாயக் கல்லூரியின் ஆசிரியர்கள் இருவர் எழுதிய நூல் அது என்று அதன் முகப்பிலிருந்து தெரிந்துகொண்டேன். ஒரு கல்லூரியின் கணித ஆசிரியர்கள் எழுதியதை உலகமே காசில்லாமல் படிக்கிறது என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த செய்தி.

இந்த ஏற்பாட்டின் வரலாற்றைப் பிறகு நானே தேடிப் படித்தேன். அமெரிக்காவின் முதல் பொதுச் சமுதாயக் கல்லூரி 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில், ஓர் உயர்நிலைப் பள்ளியின் நீட்சியாக ஆறு மாணவர்களோடு தொடங்கியிருக்கிறது. கலிஃபோர்னியாவிலும் 1907ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, உயர்நிலைப் பள்ளிகளே கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களை நடத்தலாம் என்று அனுமதித்ததிலிருந்துதான் இவை வளர்ந்தன. பள்ளிக்கும் இந்தக் கல்லூரிக்கும் நடுவே தொடக்கத்திலிருந்தே உயரமான மதில் இருந்ததில்லை. பள்ளி மாணவர்கள் கல்லூரிப் பாடங்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம் என்று மாநிலம் முழுமைக்குமான சட்டத்தை மின்னசோட்டா 1985இல் கொண்டுவந்தது. பிற மாநிலங்கள் பின்தொடர்ந்தன.

இதைப் படித்தபோது எனக்கு என் அக்காவின் நினைவு வந்தது. அக்கா 1977இல் பதினோராம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, பதினாறு வயதில் தாவணி கட்டிக்கொண்டு காட்பாடி காந்தி நகரிலுள்ள ஆக்சிலியம் கல்லூரியில் பி.யூ.சி. எனப்பட்ட ஓராண்டுப் புகுமுக வகுப்பில் சேர்ந்தாள். நான் அவளுக்கு இரண்டு வயது இளையவள். 1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டபோது, பத்தாம் வகுப்பை முடித்து பிளஸ் ஒன் வகுப்பின் முதல் அணியில் உட்கார்ந்தவள். ஆகவே அக்கா கல்லூரியில் இருந்த அதே பதினாறு வயதில் நான் பள்ளிச் சீருடையில் இருந்தேன். ஒரே வீட்டில், ஒரே கூடத்தில், ஒருத்திக்கு விரிவுரையாளர்களும் நூலகமும் வாய்த்தன. மற்றவளுக்கு மணியடித்ததும் எழுந்து நிற்கும் வகுப்பு வாய்த்தது. எது சிறந்தது என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்லவில்லை. எங்கள் கிராமத்துப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அருகிலேயே மேல்நிலைப் பள்ளி வந்தது பெரிய நன்மை; கல்லூரிக்கு அனுப்பத் தயங்கிய குடும்பங்கள்கூடப் பெண்ணை இன்னும் இரண்டு ஆண்டு படிக்க வைத்தன. ஆனால் பதினாறு வயதுப் பிள்ளையால் கல்லூரிப் பாடத்தைத் தாங்க முடியாது என்று இன்று யாராவது சொன்னால், வேலூர்க்காரர்கள் நம்பத் தேவையில்லை. வூர்ஹீஸ் கல்லூரியின் பழைய வகுப்பறைகளில் பல தலைமுறைகளாக அந்த வயதுப் பிள்ளைகள்தாம் உட்கார்ந்திருந்தார்கள். பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணனும், சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்குப் போவதற்கு முன் பதின்பருவத்தில் அங்கே படித்தவர்தாம்.

இனி அந்த ஆறு வாரங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

கலிஃபோர்னியாவில் ஓர் அலகு என்பது குறைந்தது 48 மணி நேர உழைப்பு. வகுப்பு, வீட்டுப்பாடம், தேர்வுத் தயாரிப்பு எல்லாம் அதில் அடக்கம். அவளுடைய புள்ளியியல் பாடம் நான்கு அலகு, அதாவது 192 மணி நேரம். வழக்கமான பருவத்தில் ஏறத்தாழ நான்கு மாதங்களில் பரவி வரும் இந்த உழைப்பைக் கோடையில் ஆறு வாரத்துக்குள் அடைத்தால் வாரத்துக்கு 32 மணி நேரமாகிறது. இதை நான் ஒரு தாளில் பெருக்கி வகுத்துக் காட்டியபோதுதான் அவளுக்கே உறைத்தது. திருவண்ணாமலைக்கும் ஏலகிரிக்கும் போவதாகப் போட்டிருந்த திட்டங்களை அவளே அடித்துவிட்டாள். கோடைப் பாடம் எளிது, சீக்கிரம் முடிந்துவிடும் என்று நம்பிப் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோர் இந்த வகுத்தலை முதலில் செய்து பார்க்க வேண்டும்.

நேரக் கணக்கு அடுத்த சிக்கல். கோடையில் ஃப்ரீமாண்டுக்கும் வேலூருக்கும் பன்னிரண்டரை மணி நேர வேறுபாடு. அங்கே இரவு 11:59க்கு முடியும் கெடு இங்கே மறுநாள் நண்பகல் 12:29க்கு முடிகிறது. ஆசிரியர் மாணவர்களைச் சந்திக்கும் நேரம் அங்கே மாலை ஐந்து மணி என்றால் இங்கே விடியற்காலை ஐந்தரை. அந்த ஐந்தரை மணிக்கு நான் காபி போட்டுக்கொண்டிருக்க, கூடத்தில் அவள் தன் ஆசிரியரிடம் பேசுவது காதில் விழும். உடன் படிப்பவர்களில் பலர் அவளைவிட மூத்தவர்கள். மருத்துவமனையில் உதவியாளராக வேலை செய்துகொண்டே செவிலியர் படிப்புக்குத் தயாராகும் ஒரு பெண், இரவுப்பணி முடித்து வந்து பாடம் கேட்கும் நாற்பது வயதுக்காரர் ஒருவர், கைக்குழந்தை அழும் சத்தத்துக்கிடையே கேள்வி கேட்ட ஒரு தாய் என்று அவள் சொல்லிக்கொண்டே போவாள். தன் பள்ளி வகுப்பில் எல்லோரும் மதிப்பெண்ணைப் பற்றியே பேசுவதாகவும், இங்கே யாரும் அப்படிப் பேசுவதில்லை என்றும், இவர்கள் நேரத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்றும் ஒரு நாள் சொன்னாள். அந்தப் பேச்சை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் வாரத்தில் முதல் இடைத்தேர்வு வந்தது. நூற்றுக்கு எழுபத்தொன்று வாங்கினாள். அதுவரை தொண்ணூறுக்குக் கீழே பார்த்திராத பெண். செய்தி கேட்ட என் தம்பி ஃப்ரீமாண்டிலிருந்து கல்லூரிக்குத் தொலைபேசியில் பேசினான். மாணவியைப் பற்றி மாணவியிடம் மட்டுமே பேசுவோம் என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டார்கள். ஃபெர்பா எனப்படும் 1974ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தின்படி, கல்லூரியில் சேர்ந்த மாணவர் எந்த வயதினராக இருந்தாலும் அந்தக் கல்லூரிப் பதிவேடுகளின் மீதான உரிமை அவருக்கே போய்விடுகிறது. வரிக்கணக்கில் பெற்றோரைச் சார்ந்த பிள்ளை என்றால் கல்லூரி விரும்பினால் பெற்றோரிடம் பகிரலாம். ஆனால் பகிர்ந்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தம்பிக்கு இது பெரும் மனவருத்தம். பதினாறு வயதுப் பெண்ணின் தகப்பனுக்கு இந்த உரிமைகூட இல்லையா என்று என்னிடம் கேட்டான். அவன் வருத்தம் எனக்குப் புரிந்தது. பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் ஆயிரம் தகப்பன்மாரோடு பேசியவள் நான். ஆனாலும் அந்த நாளுக்குப் பிறகு அந்தப் பெண்ணிடம் நான் கண்ட மாற்றத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது.

அவளுக்கு முன்னே இரண்டு வழிகள் இருந்தன. குறிப்பிட்ட நாளுக்குள் பாடத்திலிருந்து விலகினால் மதிப்பெண் பட்டியலில் 'டபிள்யூ' என்ற எழுத்து மட்டும் ஏறும். சராசரியைக் குறைக்காது, ஆனால் அழியாது. தொடர்ந்து படித்தால் என்ன தரம் கிடைக்கிறதோ அது கல்லூரிப் பதிவேட்டில் நிலைத்துவிடும். நாளை எந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தாலும் அதைக் காட்டியாக வேண்டும். 'சி' அல்லது அதற்கு மேல் வாங்கிவிட்டால், தரத்தை உயர்த்திக்கொள்வதற்காக அதே பாடத்தை மீண்டும் எடுக்கக் கலிஃபோர்னியக் கல்லூரிகள் பொதுவாக விடுவதில்லை. நம் ஊரில் பிளஸ் டூவில் குறைந்த மதிப்பெண் எடுத்தாலும் கல்லூரியில் புதுக்கணக்கு தொடங்குகிறோம். இவளுக்கோ கல்லூரிக்கணக்கு பதினாறு வயதிலேயே தொடங்கிவிட்டது. இப்படிப்பட்ட முடிவை அவள் தலையில் ஏற்றுவது சரியா என்று இரண்டு இரவுகள் நான் யோசித்தேன். அவள் ஆசிரியருக்குத் தானே ஒரு மின்னஞ்சல் எழுதி, எங்கே தவறு செய்கிறாள் என்று கேட்டாள். கணக்கீடு எல்லாம் சரி, கணக்கீட்டின் பொருளை எழுதும் வாக்கியங்கள்தாம் தவறு என்று பதில் வந்தது. விலகுவதில்லை என்று அவளே முடிவெடுத்து, அதன் பிறகுதான் தகப்பனாரிடம் சொன்னாள்.

அந்தப் பதில் எனக்கும் எழுதப்பட்டதைப் போலவே இருந்தது. நம் பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் எட்டாம் பாடத்திலேயே, எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் திட்ட விலக்கம் வருகிறது. ஊகச் சராசரி முறை, படி விலக்க முறை என்று அதைக் கண்டுபிடிக்க எத்தனை வழிகள் உண்டோ அத்தனையையும் பிள்ளைகளுக்கு மனப்பாடம் ஆகும்வரை நடத்தியிருக்கிறேன். ஆனால் கிடைத்த எண் எதைச் சொல்கிறது என்று ஒரு வாக்கியம் எழுதும்படி எந்தப் பிள்ளையிடமும் நான் கேட்டதில்லை.

பாடத்தின் நிறைவுத் திட்டப்பணிக்கு அவள் எடுத்துக்கொண்ட பொருள் கத்தரிக்காய். வேலூர் முள்ளு கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பாட்டி சொல்லக் கேட்டு, நேதாஜி மார்க்கெட்டில் வெவ்வேறு கடைகளில் நாற்பது காய்கள் வாங்கி வந்தாள். காம்பின் முள் குத்தக் குத்த ஒவ்வொன்றாக மின்தராசில் எடைபோட்டோம். சராசரி எடை 62 கிராம், திட்ட விலக்கம் 14 கிராம். இதிலிருந்து 95 சதவீத நம்பிக்கை இடைவெளியைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 57.5 கிராமிலிருந்து 66.5 கிராம் வரை என்று வருகிறது. "நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கத்தரிக்காய்கள் இந்த எடைக்குள் இருக்கும்" என்று அவள் எழுதினாள். சரிதானே என்று நானும் தலையாட்டினேன். பிறகு தராசின் பக்கத்தில் எழுதி வைத்திருந்த பட்டியலைப் பார்த்த அவளே நிறுத்தினாள். நாற்பதில் பாதிக்கும் மேற்பட்ட காய்கள் அந்த இடைவெளிக்கு வெளியே இருந்தன. அப்படியானால் வாக்கியம் தவறு. அந்த இடைவெளி தனித்தனிக் காய்களைப் பற்றியதன்று. சந்தைக்கு வரும் காய்கள் அனைத்தின் சராசரி எடை எங்கே இருக்கக்கூடும் என்பதைப் பற்றியது. இதே முறையில் மீண்டும் மீண்டும் நாற்பது நாற்பதாக வாங்கி எடைபோட்டு இடைவெளிகள் கண்டால், அவற்றில் ஏறத்தாழ 95 சதவீதம் உண்மையான சராசரியைத் தம்முள் கொண்டிருக்கும். இதைத் தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை என்று இருவரும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தோம். அறுபத்தொரு வயதில் ஒரு கணித ஆசிரியர் இதைக் கற்றுக்கொண்டதற்கு நாற்பது கத்தரிக்காயும் ஒரு பதினாறு வயதுப் பெண்ணும் தேவைப்பட்டன என்பதை நான் நன்றியோடு எழுதுகிறேன். கத்தரிக்காய்களை அம்மா மூன்று நாள்களுக்கு விதவிதமாகச் சமைத்துத் தீர்த்தார்.

ஐந்தாம் வாரத்தில் ஒரு நாள், எண்பத்திரண்டு வயதான என் அம்மா செய்தித்தாளைப் படித்துவிட்டு, பராமரிப்புப் பணிக்காக மறுநாள் காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து வரை நம் பகுதியில் மின்சாரம் இருக்காது என்று சொன்னார். மறுநாள் நண்பகல் 12:29க்கு அவளுக்கு ஒரு சிறுதேர்வின் கெடு. தாமதமாக அனுப்பினால் ஏற்பதில்லை என்று பாடத்திட்டத்தில் தெளிவாக எழுதியிருந்தது. தகப்பனாரை எழுப்பி ஆசிரியருக்குச் சலுகை கேட்டு எழுதச் சொல்லலாமா என்று நான் கேட்டேன். வேண்டாம் அத்தை, பெரிய அத்தை வீட்டில் கரண்ட் இருக்குமா என்று மட்டும் கேளுங்கள் என்றாள். காலை எட்டு மணிக்கு ஆட்டோ பிடித்து, கிரீன் சர்க்கிளின் நெரிசலைத் தாண்டி, பாலாற்றுப் பாலத்தைக் கடந்து காந்தி நகரிலிருக்கும் அக்கா வீட்டுக்குப் போனோம். பதினொன்றரைக்குள் தேர்வை எழுதி அனுப்பிவிட்டாள். அக்கா அவளுக்கு மோர் கொடுத்துவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு ஆக்சிலியம் கல்லூரி வாசல் வரை நடத்திக் கூட்டிப்போய், தான் பி.யூ.சி. படித்த இடம் இதுதான் என்று காட்டினாள்.

பாடத்தின் முடிவில் அவளுக்கு 'பி' தரம் கிடைத்தது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் இப்படி எடுக்கும் ஒரு பருவக் கல்லூரிப் பாடத்தைப் பள்ளியின் ஓராண்டுப் பாடத்துக்கு நிகராகக் கொள்கிறது என்றும், பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ளத்தக்க பாடமாக இருந்தால் சராசரியில் கூடுதல் மதிப்பும் தருகிறது என்றும் தம்பி விவரமாகச் சொன்னான். எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்தப் பொதுப் பல்கலைக்கழகத்தில் எதற்கு ஈடாகும் என்பதை அசிஸ்ட் என்ற இணையதளத்தில் பாடவாரியாகப் பார்த்துக்கொள்ளலாம். தனியார் பல்கலைக்கழகங்கள் தத்தம் விருப்பப்படி ஏற்கலாம், மறுக்கலாம். அங்கே பள்ளியிலேயே நடக்கும் ஏ.பி. எனும் கல்லூரித் தரப் பாடங்களுக்கு மே மாதத்தில் ஒரே ஒரு பொதுத்தேர்வு. ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு மதிப்பெண். சமுதாயக் கல்லூரியில் வாரவாரம் செய்யும் வேலை எல்லாம் சேர்ந்து தரமாகிறது. ஒரு நாள் தேர்வில் பதறும் பிள்ளைக்கு இரண்டாவது பொருந்தும். நாள்தோறும் உட்கார முடியாத பிள்ளைக்கு முதலாவதே மேல். வேலூரிலிருந்து வெளிநாடு போன குடும்பங்கள் பலவற்றில் இப்போது இந்தக் கேள்வி எழுவதை அறிவேன். அலகுகளைச் சேர்ப்பதற்காக மூன்று நான்கு பாடங்களை ஒன்றாக எடுக்க வைக்காதீர்கள், பிள்ளைக்கு உண்மையான ஆவல் உள்ள ஒரு பாடத்தை எடுக்கவிட்டு நீங்கள் அறைக்கு வெளியே நில்லுங்கள் என்றுதான் என்னிடம் கேட்பவர்களிடம் சொல்கிறேன்.

எதிர்வீட்டுப் பெண் அரசுப் பள்ளியில் அப்போதுதான் பிளஸ் ஒன் சேர்ந்திருந்தாள். மாலை நேரங்களில் எங்கள் வீட்டுக்கு வந்து, என் தம்பி மகள் படிப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். தராசில் காய் வைத்ததில் பாதி அவள் கை. தானும் இப்படி ஒரு கல்லூரிப் பாடம் படிக்கலாமா டீச்சர் என்று ஒரு நாள் கேட்டாள். எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. நம் நாட்டிலும் சமுதாயக் கல்லூரி என்ற பெயர் உண்டு. 1995இல் புதுச்சேரியில் தொடங்கிப் பல ஊர்களுக்கு வந்தது. ஆனால் அது பெரும்பாலும் தொழிற்பயிற்சிச் சான்றிதழுக்கானது. பள்ளியில் இருந்துகொண்டே கல்லூரித் தாள் ஒன்றை எழுதிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் வழி அன்று. இத்தனைக்கும் ஓட்டேரியில் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் ஆர்வமுள்ள முப்பது பிளஸ் ஒன் பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு தாளை நடத்தி, பின்னாளில் பட்டப்படிப்பில் அதை ஏற்றுக்கொண்டால் அரசுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் அந்த வயதுப் பிள்ளைகளுக்குத் திறந்திருந்த கதவு என்பதால்தான் இதை உரிமையோடு கேட்கிறேன்.

அதுவரை என்ன செய்வது என்று தேடியதில் என்.பி.டி.ஈ.எல். எனும் இணையவழிப் பாடங்கள் கிடைத்தன. ஐ.ஐ.டி. ஆசிரியர்கள் நடத்தும் அவற்றில் பள்ளி மாணவர்களும் கட்டணமின்றிப் பதியலாம். வாராந்திர ஒப்படைப்புகளுக்கு 25, நேரில் போய் எழுதும் இறுதித்தேர்வுக்கு 75 என்று மதிப்பெண் கணக்கு. தேர்வெழுத விரும்பினால் மட்டும் 1,000 ரூபாய். எதிர்வீட்டுப் பெண் பைத்தான் நிரல்மொழிக்கான பன்னிரண்டு வாரப் பாடத்தைத் தேர்ந்தெடுத்தாள். பதிவுப் படிவத்தில் மின்னஞ்சல் முகவரி கேட்டபோது அவளுக்கென்று ஒன்று இல்லை. அப்பாவுடையதைக் கொடுக்கட்டுமா என்று கேட்டாள். ஊருக்குத் திரும்ப இரண்டு நாளே இருந்த என் தம்பி மகள் வேண்டாம் என்று தடுத்து, கூடவே உட்கார்ந்து அவள் பெயரிலேயே ஒரு முகவரி தொடங்கிக் கொடுத்தாள்.

முதல் வார ஒப்படைப்பை அவள் கெடுவுக்கு ஒரு நாள் முன்பே அனுப்பிவிட்டாள். இரண்டாம் வாரத்தில் ஒரு கேள்வி விளங்காமல் என்னிடம் கொண்டுவந்தாள். எனக்கும் விளங்கவில்லை. பாடத்தின் கலந்துரையாடல் பக்கத்தில் கேள் என்று சொன்னேன். ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதுவதற்கு அவளுக்கு அரைமணி நேரம் ஆனது. எழுதி முடித்ததும் திருத்தித் தரும்படி என்னிடம் நீட்டியவள், பிறகு தானே கையை இழுத்துக்கொண்டு, அப்படியே அனுப்பினாள்.